ஒன்பதாம் நாள் கட்டம்

என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி சவரிமுத்து போன மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் நலம் விசாரிப்பு. என் முழங்கால், என் இருமல், என் மனைவியின் கண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரி அலமாரியைக் காலி செய்கிறார்களாம். போன மார்கழிப் புயலில் தனுஷ்கோடி கடலோடு போய்விட்டது. இனி அந்த வழியாக இந்தியாவிலிருந்து யாரும் தோட்டத்துக்கு வரப்போவதில்லை. ஆகவே அப்படி வருகிறவர்களைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடும் ‘புது ஆள் புத்தகம்’ இனித் தேவையில்லை, எறிந்துவிடலாமா என்று கேட்டிருந்தார். கேட்பதற்கு முன் புத்தகத்தை முழுவதும் புரட்டியிருக்கிறார். அது நல்ல பழக்கம். புரட்டியதில் ஒரு குறையும் கண்டுபிடித்திருக்கிறார்.

“ஐயா, எல்லாக் கட்டங்களிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. 212ஆம் வரியில் மட்டும் ஒன்பதாம் நாள் கட்டம் காலியாக இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் லீவா, மறதியா?”

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அந்தப் புத்தகத்தில் 388 வரிகள். வரிக்குப் பதினான்கு கட்டம். மொத்தம் 5432. அவ்வளவையும் நிரப்பியவனைப் பார்த்து மறதியா என்று கேட்டால் எப்படி இருக்கும்? பிறகு கோபம் தணிந்தது. அவர் கேட்டது நியாயம்தான். லீவும் இல்லை, மறதியும் இல்லை. நம் டிஸ்பென்சர் சங்க மலருக்கு ஏதாவது எழுதும்படி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கான பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் மற்றத் தம்பிகளுக்கும் உதவக்கூடும்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் எட்டு மாதம் மருந்து கலக்கவும் கட்டுக் கட்டவும் பழகினேன். பரீட்சை எழுதி, இறம்பொடைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் டிஸ்பென்சராகச் சேர்ந்தேன். ரோட்டிலிருந்து டிஸ்பென்சரிக்குத் தொண்ணூற்று மூன்று படிகள். சனங்கள் என்னை ‘டாக்டரய்யா’ என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் ஒரு வருஷம் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

தோட்டத்தை நடத்தியவர்களில் என் காலத்தில் அதிக வருஷம் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவரிடம் எதையும் வாயால் கேட்கக் கூடாது. ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை அதே தாள் திரும்பி வரும். அதன் மூலையில் நீலப் பென்சிலில் ஒரு வார்த்தை இருக்கும். பெரும்பாலும் ‘சரி’ அல்லது ‘இல்லை’. நான் அவரிடம் பெற்ற மிக நீளமான பதில் ‘இப்போது வேண்டாம்’. காரணம் சொல்லமாட்டார். ஆனால் ‘சரி’ என்று எழுதியதை ஒருநாளும் மாற்றியதில்லை.

புது ஆள் புத்தகம் உண்டான கதையைச் சொல்லாமல் 212ஆம் வரியைச் சொல்ல முடியாது.

இந்தியாவுக்குப் போய்த் திரும்புகிறவர்களைச் சில நாள் தினமும் பார்க்க வேண்டும் என்பது அப்போதே இருந்த விதி. பெரியம்மை உடம்பில் ஏறி வெளியே தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். வரும் வழியில் மண்டபம் முகாமில் ஆறு நாள் வைத்துப் பார்ப்பார்கள்; அங்கே நல்லபடியாக இருந்தவருக்குத் தோட்டத்தில் காணலாம். ஒரு முறை புதுக்கோட்டைப் பக்கம் போய்வந்த ஐந்து பேர் கொண்ட குடும்பத்தைக் கங்காணி அழைத்து வந்தார். நல்ல மழை. ஐந்து பேரும் கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு கீழே நின்றார்கள். நான் வராந்தாவில் நின்று எண்ணினேன். ஐந்து தலை. சரியாக இருந்தது. போகச் சொல்லிவிட்டேன். ஒரு கம்பளிக்குள் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று காய்ச்சலோடு நின்றிருந்தது.

ஐந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் ஏழாம் நம்பர் லயத்தின் பக்கமாக நடந்தேன். பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பன்னிரண்டிலும் அடுப்புப் புகை வந்தது. ஒன்றிலிருந்துகூடக் கடுகு தாளிக்கிற வாசம் வரவில்லை. வீட்டில் அம்மை கண்டால் தாளிக்கமாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலையை உள்ளே வைத்துக்கொண்டு, டிஸ்பென்சருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். தெரிந்தால் கொண்டுபோய்த் தனியே வைத்துவிடுவான் என்ற பயம். லயத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. பதினொரு பேருக்குக் கண்டது. மூன்று பேர் போனார்கள். அந்த நான்கு வயதுப் பிள்ளையும் போனது.

அதற்குப் பிறகுதான் ஒரு புத்தகத்தில் கோடு போட்டு, ஆளுக்குப் பதினான்கு கட்டம் வரைந்து, ஒவ்வொரு நாளும் நாக்கு, கண், மண்ணீரல், தோல் நான்கையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவது என்று துரைக்கு எழுதினேன். ‘செய்’ என்று வந்தது.

இனி என் வீட்டு விஷயம். என் மனைவி தனபாக்கியம் நான்கு முறை கருவுற்றாள். நான்கும் தங்கவில்லை. நாடு சுதந்திரம் பெற்ற மூன்றாம் வருஷம், துறையூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அவளுடைய சித்தி மகள் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அவளுக்குச் செங்கமலம் என்று இரண்டு வயதும் ஐந்து மாதமுமான பெண் குழந்தை. தகப்பன் மறுகல்யாணம் செய்யப்போகிறார். குழந்தையைத் தகப்பனின் அக்காள் செல்லாயி வளர்க்கிறாள். அவளுக்கே ஐந்து பிள்ளைகள். கடிதத்தைத் தனபாக்கியம் வாசித்து முடித்தாள். அடுத்த நாள் பார்த்தால் என் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள்.

குழந்தையைத் தத்தெடுக்க அவள் என்னோடு வர முடியாது. இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்த நேரம். இருவரும் ஒன்றாக வெளியே போனால் மனு என்னாகுமோ என்று பயம். நான் மட்டும் போவதென்று முடிவாயிற்று. துரைக்கு எழுதினேன். இருபத்தொரு நாள் லீவுக்குச் ‘சரி’ வந்தது. அவர் கொடுத்த கடிதத்தின் பேரில் குழந்தைக்கு விசாவும் கிடைத்தது. கெடு முப்பது நாள். என் கைக்கு வந்தபோதே ஒன்பது நாள் போய்விட்டது. மிச்சம் இருபத்தொன்று. போக மூன்று நாள், அங்கே ஐந்து, மண்டபம் முகாமில் ஆறு, வர மூன்று. நான்கு நாள் உபரி என்று தனபாக்கியத்திடம் கணக்குச் சொன்னேன்.

“நாள எண்ணாதீங்க. புள்ள உங்ககிட்ட வருமான்னு பாருங்க” என்றாள்.

பஸ்ஸில் கம்பளை, ரயிலில் பொல்காவலை, அங்கே மாறித் தலைமன்னார், கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி ரயிலில் திருச்சி. கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி வெயில். தெருவில் மூன்று வீட்டு இறவாணத்தில் வேப்பிலை செருகியிருந்தது. எண்ணினேன். ஆனால் ஏன் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். என்னிடம் நாள் இல்லை.

செல்லாயி வீட்டில் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். கையில் ஒரு சிறிய பித்தளைச் சுண்ணாம்பு டப்பி, அவள் தாயுடையது. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். என் பையில் அவளுக்காக வாங்கிய பொரிகடலை இரண்டு ராத்தல் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. செய்தது இதுதான். இடது கையால் தாடையைப் பிடித்து நாக்கைப் பார்த்தேன். கட்டைவிரலால் கண் இமையைக் கீழே இழுத்தேன். சட்டையைத் தூக்கி இடது விலாவுக்குக் கீழே அமுக்கி மண்ணீரலைப் பார்த்தேன். முடியைப் பிரித்துப் பேன் இருக்கிறதா என்று பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு நிமிஷமும் ஆகியிருக்காது. கை தானாகச் செய்துவிட்டது.

குழந்தை வீல் என்று அலறிச் செல்லாயியின் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

செல்லாயியின் புருஷன் சிரித்தார். “என்னாண்ணே, மாட்டுத் தரகராட்டம் பல்லப் புடிச்சுப் பாக்கறீங்க? சுழி கிழி பாக்கலயா?”

செல்லாயி சிரிக்கவில்லை. “புள்ள வேணும்னு வந்தீங்களா, பழுது இருக்கான்னு பாக்க வந்தீங்களா?”

நான் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டேன்.

ஐந்து நாளும் குழந்தை என் பக்கம் வரவில்லை. நான் முற்றத்துக்கு வந்தால் அவள் வீட்டுக்குள் போவாள். ஐந்தாம் நாள் தகப்பன் தத்துக் கொடுக்கும் முறைப்படி மஞ்சள் நீர் வார்த்துக் குழந்தையை என் மடியில் கொடுத்தார். மடியில் இருந்த நேரம் முழுவதும் கத்தினாள். புறப்படும்போது செல்லாயி என்னைத் தனியே அழைத்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்லிப்புடறேன். அக்கரைக்குக் கொண்டு போயிட்டீங்கன்னா புள்ள ஒங்களுது. எடையில எங்கயாச்சும் தடங்கலாச்சுன்னா தந்தி அடிங்க, நாங்க வந்து தூக்கிக்கிறோம். பாதி வழியில வச்சுக்கிட்டு அலயக் கூடாது. தொறையூரு வளையக்கடைக்காரரும் புள்ளையக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ரயிலில் குழந்தை என்னிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தாள். டப்பி மூடி மட்டும் டக், டக் என்றது. மானாமதுரை வரை அழுதாள், பிறகு தூங்கினாள். தூக்கத்தில்கூட என் கை பட்டால் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள்.

மண்டபம் முகாமில் முறைப்படி எல்லாம் நடந்தது. குளியல், துணியை ஆவியில் வைத்தல், அம்மைக் குத்து, கொட்டகையில் இடம். தினமும் காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், டாக்டர் வந்து பார்ப்பார். எங்கள் பக்கத்து இடத்தில் கொத்மலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஊர் போய்த் திரும்பும் மாரியாயியும் அவள் புருஷன் சடையனும் இருந்தார்கள். நான் யார் என்று தெரிந்ததும் மாரியாயிக்குக் கொண்டாட்டம்.

“எங்களயெல்லாம் காலப் பெரட்டுல வரிசையா நிறுத்தி நாக்க நீட்டு நாக்க நீட்டும்பீங்கள்ல. இப்ப நீங்களும் எங்ககூட நில்லுங்க டாக்டரய்யா!”

குழந்தை முதல் நாளே அவளிடம் ஒட்டிக்கொண்டாள். என் கையிலிருந்து ஒரு கரண்டிக் கஞ்சி குடிக்கமாட்டாள். மாரியாயி ஊட்டினால் ஒன்பது, பத்து. எனக்கு நன்றியாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

ஐந்தாம் நாள் பின்னேரம் குழந்தையைக் குளிப்பாட்டிய மாரியாயி என்னைக் கையால் கூப்பிட்டாள். சத்தம் போட்டுப் பேசுகிறவள், அன்றைக்குக் கிசுகிசுத்தாள்.

“அம்மா வந்துட்டாங்கய்யா.”

முதுகில் ஏழு, வயிற்றில் இரண்டு. நீர் கோத்த சிறு கொப்புளங்கள். துறையூர்ப் பக்கத்துத் தெருவில் நான் எண்ணிய மூன்று வேப்பிலைக் கொத்தும் கண்முன் வந்தன.

“நாளைக்கு ஒரு நாளுதான். மொகத்துல ஒண்ணுமில்ல. நான் மாராப்புக்குள்ள வச்சு எம்புள்ளயாட்டம் தூக்கிக்கிட்டு நிக்கறேன். மத்தியானம் கப்பல். நாளன்னிக்கி நீங்க ஒங்க வீட்டுல. அப்பறம் மருந்து வைங்க, வேப்பெல வைங்க, என்னமோ செய்ங்க. இங்க சொன்னீங்கன்னா புடிச்சு வச்சுக்குவாங்க. அந்தப் பொம்பள வந்து புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போயிரும்.”

செல்லாயி சொன்னதை நான்தான் மாரியாயியிடம் சொல்லியிருந்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. நாளும் சரியாக வந்தது. நான் “சரி” என்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் காலை வரிசையில் நின்றோம். லேசான தூறல். மாரியாயி குழந்தையைக் கழுத்து வரை சேலைத் தலைப்பால் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். முகாமில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர் அட்டையைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். “இந்த இடத்துல நாலு பேர். சரி.” எண்ணிக்கை சரியாக இருந்தது. சேலைக்குள்ளிருந்து குழந்தையின் முகம் மட்டும் தெரிந்தது. கம்பளிக்குள் நின்ற அந்த நான்கு வயதுப் பிள்ளையின் முகத்தை நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது.

டாக்டர் பக்கத்தில் வந்ததும், “கொஞ்சம் இருங்க டாக்டர், இந்தப் பிள்ளைக்கு உடம்பில் போட்டிருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். மாரியாயி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் திறமை போதாது.

அந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட எட்டு வயதாவது இளையவர். ஒல்லி, கையில் எப்போதும் குடை. பிள்ளைகளை நின்றுகொண்டு பார்க்கமாட்டார். மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றை ஆள் தூக்கி வருவார். அதைப் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் கண்ணும் தன் கண்ணும் ஒரே உயரத்துக்கு வந்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

“ஆற்றை பிள்ளை இது?” என்று கேட்டார்.

“என் பிள்ளை” என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளை மாரியாயியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

“நீர் டிஸ்பென்சர் எல்லே? சரி, உம்முடைய நாக்கை நீட்டும்.”

“எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், பிள்ளைக்குத்தான்…”

“தெரியும். நீட்டும்.”

முழந்தாளிட்டு நீட்டினேன். ஆற அமரப் பார்த்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். சட்டையைத் தூக்கச் சொல்லி மண்ணீரலை அமுக்கினார். வரிசை முழுவதும் சிரிப்பு. சடையன் பின்னாலிருந்து, “நாக்கு வெள்ளையா இருக்குங்கய்யா, டாக்டரய்யாவுக்கு ஒரு அவுன்ஸ் வெளக்கெண்ண ஊத்துங்க!” என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. என் நாக்கை இரண்டாம் முறை பார்த்தார். மாரியாயியின் தோளிலிருந்து முகம் ஒன்று மெல்லத் திரும்பியது. டாக்டர் கையை நீட்ட, குழந்தை டப்பியைக் கொடுத்தாள். அவர் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு சட்டையைத் தூக்கினார். குழந்தை அழவில்லை.

“கொப்புளிப்பான், சின்னம்மைதான். பெரியம்மை இல்லை, பயப்பிடாதையும். ஆனா கடைசிப் பொருக்கு விழுமட்டும் பிள்ளை இஞ்சைதான் நிக்க வேணும். நீர் போறதெண்டால் போகலாம். பிள்ளையின்ரை ஆக்களுக்குத் தந்தி அடியும், வந்து பாக்கட்டும்.”

“நான் நிற்கிறேன்” என்றேன். “ஆனால் விசாக் கெடு முடிந்துவிடும். லீவும் முடிந்துவிடும்.”

“விசாவுக்கு நான் எழுதுறன். லீவுக்கு நீர் எழுதும்.”

அவ்வளவுதான். பரிசோதனையை ஏன் என்னிடம் தொடங்கினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

துரைக்குத் தந்தி கொடுத்தேன். செல்லாயிக்குக் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் பதில் வந்தது. ஒரே சொல். ‘இரு.’ தந்தியில் நீலப் பென்சில் இல்லை, ஆனாலும் எனக்கு நீலமாகத்தான் தெரிந்தது.

மாரியாயியும் சடையனும் பரிசோதனை நடந்த அன்று மத்தியானமே கப்பலுக்குப் புறப்பட்டார்கள். கம்பி வேலிக்கு அப்பால் நின்று மாரியாயி கத்தினாள். “நேத்து நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்கய்யா! ராத்திரிக்குப் புள்ளைக்கு நெகத்த வெட்டிருங்க, சொறிஞ்சுப்புடும்!” குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதாள். அவள் மறைந்த பிறகு, நோய் கண்டவர்களைத் தனியே வைக்கும் அறையில் நாங்கள் இருவர்தான்.

பதின்மூன்று நாள். வெள்ளையடித்த ஓர் அறை, ஒரு ஜன்னல், கடல் சத்தம். கொப்புளங்களுக்கு லோஷன் பூச வேண்டும். முதல் நாள் பஞ்சோடு நான் கிட்டப் போனதுமே மூலையில் ஒண்டிக்கொண்டாள். இரண்டாம் நாள்தான் டாக்டர் செய்தது மண்டையில் ஏறியது. பஞ்சை நனைத்து என் கையிலேயே பூசினேன். ஒரு பொட்டு வைத்து ‘ஒண்ணு’ என்றேன். இன்னொன்று வைத்து ‘ரெண்டு’ என்றேன். பையிலிருந்த பொரிகடலையை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். ஒரு பொட்டுக்கு ஒரு கடலை என்று நானே வாயில் போட்டுக்கொண்டேன். ஆறாவது கடலைக்கு அவள் தன் கையை நீட்டினாள்.

அன்று அவள் உடம்பில் முப்பத்து நான்கு. அடுத்த நாள் எழுபத்தொன்று. அதற்குமேல் கூடவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிப் பூசுவேன். அவளும் கூடவே சொல்லத் தொடங்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு. அஞ்சு அவளுக்கு இல்லவே இல்லை. வாழ்க்கையில் கணக்குத் தப்பினால் பொறுக்காத நான் அந்த அஞ்சைத் திருத்தவில்லை. கடலையை டப்பிக்குள் போட்டு வைப்பாள். நாலைந்து சேர்ந்ததும் எனக்கு ஒன்று கொடுப்பாள்.

ஏழாம் நாள் காலை நான் பாயில் படுத்திருந்தேன். கண்ணில் ஏதோ பட்டது. பார்த்தால் அவள் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, என் இமையைக் கட்டைவிரலால் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

“பெரியப்பா, நாக்கு” என்றாள்.

நீட்டினேன். உற்றுப் பார்த்தாள். இறங்கி என் சட்டையைத் தூக்கி விலாவுக்குக் கீழே அமுக்கினாள். வலது பக்கம். மண்ணீரல் இடது பக்கம். அதையும் நான் திருத்தவில்லை.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. காலையில் முதலில் அவள் என்னைப் பார்ப்பாள், பிறகு நான் அவளைப் பார்ப்பேன். டாக்டர் வந்தால் அவரையும் நீட்ட வைப்பாள். அவர் மண்ணெண்ணெய்ப் பெட்டியில் உட்கார்ந்து ஒழுங்காக நீட்டுவார். பதின்மூன்றாம் நாள் கடைசிப் பொருக்கும் விழுந்தது. விசா நீட்டிக் கிடைத்த தாளை டாக்டர் தம் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு நன்றி சொன்னேன். “பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குடும்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

தோட்டத்துக்குக் கீழே பஸ் நின்றபோது தனபாக்கியம் தொண்ணூற்று மூன்று படியையும் இறங்கி ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாரியாயி தன் தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் இறம்பொடையில் இறங்கி, புருஷனையும் மூட்டையையும் ரோட்டிலேயே விட்டுவிட்டு, அத்தனை படியும் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து தனபாக்கியம் வீட்டில் தாளிக்கவில்லை. டிஸ்பென்சர் பெண்சாதிதான், இருந்தாலும்.

அவள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கவில்லை. ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்தாள். குழந்தை என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள். இத்தனை நாளும் என்னைக் கண்டு ஒளிந்தவள், அன்றைக்கு என் பின்னால் ஒளிந்தாள். கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, நேராகப் போய்த் தனபாக்கியத்தின் இமையைக் கீழே இழுத்தாள்.

“என்னாங்க பண்ணுது புள்ள?”

“நாக்கை நீட்டு” என்றேன்.

கண்ணிலிருந்து நீர் வழிய வழிய நீட்டினாள். குழந்தை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, “பெரியம்மா நாக்கு செவப்பு” என்றாள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் கடுகு வெடித்தது.

குழந்தைக்கு நோய் தீர்ந்துவிட்டது. முகாமிலும் இருந்தாயிற்று. இருந்தாலும் புத்தகம் புத்தகம்தான். 212ஆம் வரியில் அவள் பெயரை எழுதினேன். தினமும் காலை எட்டு மணிக்குத் தனபாக்கியம் அவளை டிஸ்பென்சரிக்கு அழைத்து வருவாள். மருந்துக்கு நிற்கும் சனங்கள் முன்னால் அவள் விசுப்பலகையில் ஏறி நின்று முதலில் என்னைப் பரிசோதிப்பாள். பெரிய கங்காணி ஒருநாள், “என்னா டாக்டரய்யா, ஒங்களுக்கு மேல ஒரு டாக்டரம்மா வந்துட்டாங்க போல” என்றார்.

இந்தப் பழக்கத்தை நான் மற்றப் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தேன். தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையைத் தொடுமுன் கொண்டு வந்தவரின் நாக்கைப் பார்ப்பேன். பிள்ளை அதைப் பார்க்கும். பிறகு பிள்ளையைப் பார்ப்பேன். அதற்குப் பிறகு வேலை பார்த்த பதினான்கு வருஷத்தில் எந்தத் தாயும் என்னிடம் பிள்ளையைக் கம்பளிக்குள் மறைத்து வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லையோ என்னவோ.

குழந்தை எங்களை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாதென்று தனபாக்கியம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். “அதுவா வாய் வந்து சொல்லட்டும். சொல்லாட்டியும் பரவால்ல. பெரியம்மான்னா என்னா கொறச்சல்?” என்பாள். அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். எனக்கும் இருந்தது.

எட்டு நாள் எட்டுக் கையெழுத்து. ஒன்பதாம் நாள் காலை. வெளியே பதினாறு பேர் நிற்கிறார்கள். அவள் விசுப்பலகையில் ஏறினாள். என் இமையை இழுத்தாள். நான் பேனாவை மையில் தொட்டுக் கையில் வைத்திருக்கிறேன்.

“அப்பா, நாக்கு” என்றாள்.

வாசலில் நின்ற தனபாக்கியம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு பேரில் ஒருவரும் இருமவில்லை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாக்கை நீட்டினேன். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தேன் என்று எண்ணவில்லை. அவள் பார்த்து முடித்து, “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கித் தாயிடம் ஓடினாள். அன்றைக்கு நான் அவளைப் பரிசோதிக்கவில்லை. தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பது நானே வைத்த சட்டம். ஆகவே கட்டம் காலியாக நின்றது.

மறு வருஷம் நுவரெலியாக் கோர்ட்டில் எல்லாம் முறைப்படி பதிவாயிற்று. இப்போது அவளுக்குப் பதினாறு வயது. சவரிமுத்துவின் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியவளும் அவள்தான். 212 என்று வந்ததும், “யாருப்பா அது?” என்று கேட்டாள். சொன்னேன். சிரித்துவிட்டு என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

தம்பி, உம்முடைய கேள்விக்குப் பதில் இதுதான். புத்தகத்தை எறிய வேண்டாம், என் விலாசத்துக்கு அனுப்பும். ஒழுங்கு வேண்டுமென்று நினைத்து அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதிவிடாதேயும். 5431 கையெழுத்துப் போதும்.